பீரோ சாவி யார் இடுப்புல இருக்கு?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். ரெண்டு ரிலீஸ், ஒரு மேனேஜர் மாற்றம், நடுவுல ஒரு வாரம் காய்ச்சல். எழுதணும்னு நினைச்சது பாதி டிராஃப்ட்லயே கிடக்கு. ஆனா இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. நீளமான பதிவு, முன்னாடியே சொல்லிடறேன். கோபமும் இருக்கு. அதுல பாதி என் மேலயே இருக்கிறதால யாரும் உள்குத்து தேட வேண்டாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு சின்ன கிராமம். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு அக்கா பொண்ணைக் கொண்டு போய் விடற வேலை எனக்கு. நாலாவது படிக்கிறா. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்ச அதே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர், முப்பத்திச் சொச்சம் பிள்ளைங்க. அதே வேப்பமரம். தண்ணித் தொட்டி மட்டும் புதுசு.

தலைமை ஆசிரியர் அறையில (அறைன்னா ரெண்டாம் வகுப்போட ஒரு மூலை) ஒரு பச்சைக் கலர் இரும்பு பீரோ. ஏதோ பதிவேடு எடுக்கறதுக்காக டீச்சர் திறந்து வெச்சிருந்தாங்க. எட்டிப் பார்த்தா, மேல் தட்டுல நம்ம புத்தகங்க!

கொஞ்சம் பின்னாடி போகணும். 2019ல, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச பசங்க நாலு பேரும் நானும் காசு போட்டு 186 புத்தகம் வாங்கிக் குடுத்தோம். ஒவ்வொண்ணுலயும் "முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பு"ன்னு ஸ்டிக்கர். பேனர், சால்வை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. அந்தப் போட்டோவுக்கு நான் வாங்கின லைக்கு, அதுக்கு முன்னாடியும் வாங்கினதில்ல, பின்னாடியும் வாங்கினதில்ல.

அந்தப் புத்தகம்தான் இது. பாதிக்கு மேல பிளாஸ்டிக் உறையே பிரிக்கல. கீழ்த் தட்டுல, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல வாசிப்பு இயக்கத்துக்காக அச்சடிச்ச சின்னச் சின்ன கலர் புத்தகங்க. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படிநிலையில வந்துச்சே, அதே. அதுவும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு கட்டா பத்திரமா இருந்துச்சு.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "என்ன டீச்சர், இதெல்லாம் பிள்ளைங்களுக்குக் குடுக்கறதில்லையா?"ன்னு கேட்டேன். குரல் கொஞ்சம் ஒசந்துதான் இருந்திருக்கும்.

அவங்க கோபப்படல. "தம்பி, இது எல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தினது. நாளைக்கு எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தா அடுத்து வர்றவங்ககிட்ட எண்ணி ஒப்படைக்கணும். பத்து குறைஞ்சா உங்ககிட்டயா கேப்பாங்க? என்கிட்டதான் கேப்பாங்க. ரெண்டு பேர் அஞ்சு வகுப்பைப் பார்க்கறோம். யார் குடுக்கறது, யார் திரும்ப வாங்கறது?" அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருந்துட்டு, "நீங்க குடுத்தீங்க, போட்டோ எடுத்தீங்க, போயிட்டீங்க. அதுக்கப்புறம் ஒருத்தராச்சும் வந்து, பிள்ளைங்க படிக்குதான்னு கேட்டீங்களா?"

பதில் சொல்லத் தெரியல எனக்கு. கேக்கல. ஒரு தடவை கூடக் கேக்கல. என் ஆபீஸ் கோட்ல ஒரு சின்ன மாற்றம் செஞ்சா கூட, புரொடக்‌ஷன்ல அது ஓடுதான்னு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் லாக் பார்த்துக்கிட்டு இருப்பேன். ஊர்ல குடுத்த 186 புத்தகம் ஓடுதான்னு இத்தனை வருஷமா ஒரு போன் போடல.

அன்னைக்கு சாயங்காலம் 'நட' கட்டுல இருந்து ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்து பாப்பாகிட்ட குடுத்தேன். முதல்ல அவளோட தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்து ஒரு பாடம் வாசிச்சுக் காட்டினா. கடகடன்னு, தங்கு தடையில்லாம. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம்தான் கவனிச்சேன், அவ கண்ணு பக்கத்துல இல்ல, வாசல்ல கோழி மேயறதுல இருந்துச்சு. அத்தனையும் மனப்பாடம்! புதுப் புத்தகத்தைப் பிரிச்சதும் ஒவ்வொரு எழுத்தா முட்டி மோதி, மூணாவது வரியில மூடி வெச்சுட்டா. "இது எங்க பாடத்துல இல்ல மாமா."

இதுதாங்க விஷயம். பாடப் புத்தகம் ஒண்ணை மட்டுமே பார்த்து வளர்ற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுங்கறதே வெளிய தெரியாது. நூறு தடவை சொல்லிக் குடுத்த பாடத்தை எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். பிரதம் நிறுவனம் நடத்தற ஏசர் ஆய்வுல வீட்டுக்கே வந்து எழுத்து, சொல், ஒரு பத்தி, ரெண்டாம் வகுப்பு அளவுல ஒரு சின்னக் கதைன்னு குடுத்துப் படிக்கச் சொல்வாங்க. அந்தக் கணக்கு சரியா தப்பான்னு ஒவ்வொரு தடவையும் அரசியல் சண்டை நடக்கும். சண்டையை விடுங்க. உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட, அது இதுக்கு முன்னாடி பார்க்காத ஒரு பக்கத்தைக் குடுத்துப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அக்காகிட்ட சொன்னேன். அவ முடிவே பண்ணி வெச்சிருக்கா. "அதான் ஜூன்ல வேன் வர்ற பள்ளிக்கூடத்துக்கு மாத்திரலாம்னு இருக்கேன்டா. பீஸ் பாதி நீ குடு." அக்கா மாதிரி நாலு பேர் மாத்தினா முப்பத்திச் சொச்சம் இருபத்திச் சொச்சமாகும். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம் என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நான் எழுத்து கத்துக்கிட்ட இடம் அது.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

நம்ம கூட்டம் இருக்கே, அதாவது பொட்டி தட்டற கூட்டம், நமக்கு அரசுப் பள்ளின்னா ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும்: வாங்கிக் குடு. புத்தகம் குடு, பெஞ்சு குடு, டிவி குடு, கம்ப்யூட்டர் குடு. கம்பெனி சிஎஸ்ஆர்ல ஒரு சனிக்கிழமை டீ-ஷர்ட் போட்டுக்கிட்டுப் போய் சுவத்துக்குப் பெயிண்ட் அடி. சாயங்காலம் பஸ் ஏறு. குடுக்கறதைத் தப்புன்னு சொல்லல. ஆனா குடுத்ததோட கணக்கை முடிக்கிறோம் பாருங்க, அது தப்பு. நாம குடுத்த ஒவ்வொரு பொருளும் அங்க ஒரு டீச்சர் தலையில பொறுப்பா ஏறுது. பெருமை நமக்கு, பயம் அவங்களுக்கு. பீரோவைப் பூட்டினது டீச்சர்தான். ஆனா அந்தப் பூட்டை வாங்கிக் குடுத்தது நாமதான்.

பூட்டி வெச்ச புத்தகம் எத்தனை வருஷம் ஆனாலும் புதுசாவே இருக்கும். எங்க புத்தகம் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு தொடக்கப்பள்ளி நூலகத்துல எல்லாப் புத்தகமும் புதுசா இருந்தா, அங்க தப்பு நடக்குதுன்னு அர்த்தம். ஆறு வயசுப் பிள்ளை புத்தகத்தைத் தொட்டா எண்ணெய்க் கை படும், ஓரம் மடியும், அட்டை கழண்டு வரும், ரெண்டு காணாமப் போகும். அது வாசிப்புக்கு ஆகற செலவு. சத்துணவுல சோறு சிந்துதேன்னு யாராச்சும் பானையை மூடி வைப்பாங்களா?

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. சீர்காழியில 1892ல பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி 1931ல வெளியிட்டார். அதுல முதல் விதியே, புத்தகம் இருக்கறது பயன்படுத்தறதுக்குத்தான்கறது. ஐரோப்பாவுல ஒரு காலத்துல புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்த கதையை அதுல சொல்றார். அதே 1931ல மன்னார்குடி பக்கத்துல மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமா ஒரு நூலகமே போச்சு. அந்த வண்டிக்கு ஏற்பாடு பண்ணின கனகசபைப் பிள்ளை யார் தெரியுமா? ஒரு எஞ்சினியர். நம்ம ஆளு! வண்டி கட்டினதோட விடல, அது ஊருக்குள்ள போற வரைக்கும் பார்த்தார். அவ்வளவு வருஷத்துக்கு முன்னாடியே மாட்டு வண்டியில ஊர் சுத்தின புத்தகம், இன்னைக்கு எங்க ஊர்ல பீரோவுக்குள்ள.

சரி, வழக்கமா வர்ற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"காசு எங்க இருக்கு?"

சமக்ர சிக்ஷா திட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு வருஷம் 5,000 ரூபாய் வரைக்கும் நூலக மானியம்னு விதி இருக்கு. 2024ல அந்தத் திட்டத்துக்கான பணத்தை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குக் குடுக்காம நிறுத்தினது, அதைப் பத்தின சண்டை, எல்லாம் உங்களுக்கும் தெரியும். அந்தச் சண்டை போட வேண்டியதுதான். ஆனா ஏற்கனவே பீரோவுல தூங்கற புத்தகத்தை எடுத்துப் பிள்ளை கையில குடுக்க டெல்லி காசு எதுக்கு?

"அது அரசாங்கத்தோட வேலை, ஊர்க்காரன் ஏன் செய்யணும்?"

பாதி சரி. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலயும் நூலகம் இருக்கணும், செய்தித்தாள், பத்திரிகை, கதைப் புத்தகம் எல்லாம் இருக்கணும்னு போட்டிருக்கு. ஆக அது பிள்ளையோட உரிமை, யாரோட தர்மமும் இல்ல. ஆனா அதே சட்டத்துல 21வது பிரிவைப் படிங்க. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். பள்ளி எப்படி நடக்குதுன்னு பார்க்கறது, வளர்ச்சித் திட்டம் போடறது, வர்ற பணம் எப்படிச் செலவாகுதுன்னு பார்க்கறது எல்லாம் அவங்க வேலை. ஊரைக் கூப்பிட்டு உள்ள உக்கார வெக்கச் சொல்லுது சட்டம். நாமதான் வாசல்லயே நின்னு கைதட்டிட்டுத் திரும்பிடறோம்.

இதைப் பெருமையா அக்காகிட்ட சொன்னா, அவ சிரிக்கறா. "அந்தக் குழுவுல நானும் ஒரு ஆளுதான்டா!"

"என்ன பேசுவீங்க?"

"போவோம், கையெழுத்துப் போடுவோம், டீ குடுப்பாங்க, வந்திருவோம்."

அவ்வ்வ்வ்... பீரோவைத் திறக்கச் சொல்லிக் கேக்கற அதிகாரம் எங்க வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கு. அவளுக்கும் யாரும் சொல்லல, எனக்கும் தெரியல.

"படிக்காத சனம், அவங்களுக்கு என்ன தெரியும்?"

இதைச் சொல்றவங்க மேலதான் எனக்கு நிஜமான கோபம். எங்க அப்பத்தா கைநாட்டு. 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் வந்தப்ப, தெருவிளக்குக்குக் கீழ உக்காந்து தன் பேரை எழுதப் பழகினவங்க. சொல்லிக் குடுத்தது பக்கத்துத் தெரு அக்கா. சம்பளமும் இல்ல, பீரோவும் இல்ல. ஊர்ப் பொண்ணுங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது கூட அந்த இயக்கத்துலதான். கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப மாசம் 1,000 ரூபாய்க்கு சாயங்காலம் சாயங்காலம் பிள்ளைங்களைத் திண்ணையில உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தவங்க ரெண்டு லட்சம் பேர் இருக்கும். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பொண்ணுங்கதான். நாம அப்ப வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டு, நெட் ஸ்லோவா இருக்குன்னு புலம்பிக்கிட்டிருந்தோம். ஊர் தன்னால வராதுன்னு சொல்லாதீங்க. வேலைன்னு ஒண்ணைக் குடுத்துக் கூப்பிட்டா வந்திருக்கு. நாமதான் ஊரைப் பார்வையாளரா மட்டும் வெச்சிருக்கோம்.

வெறுமனே கத்திட்டுப் போனா அது மொக்கைப் பதிவு. அதனால என்ன செஞ்சேன்னும் சொல்லிடறேன். பிப்ரவரியில லீவு போட்டுட்டு மேலாண்மைக் குழுவோட மாசக் கூட்டத்துக்குப் போனேன். நான் உறுப்பினர் இல்ல, ஓரமா உக்காந்தேன். அக்கா எந்திரிச்சுப் பேசினா. குரல் நடுங்குச்சு, ஆனா பேசினா. மூணு தீர்மானம் எழுதினாங்க.

ஒண்ணு, புத்தகம் தொலைஞ்சாலும் கிழிஞ்சாலும் அதுக்கு டீச்சர் பொறுப்பில்ல, குழு பொறுப்பு. வருஷக் கடைசியில எண்ணி, காணாமப் போனதைத் தீர்மானத்துல எழுதிக் குழு கையெழுத்துப் போடும். பத்துல ஒண்ணு போகும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டாங்க. இதைக் கேட்டதும் டீச்சர் முகத்தைப் பார்க்கணுமே!

ரெண்டு, அந்த நஷ்டத்தை நிரப்ப நாங்க அஞ்சு பேரும் வருஷத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய். புது அன்பளிப்பு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, சால்வை கிடையாது. தொலைஞ்சதுக்கு மட்டும் காசு. அது போக, பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதைப் புத்தகங்க இலவசமா கிடைக்குது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், நாமளே அச்சடிச்சுக்கலாம். ஜெராக்ஸ் கடையில ஸ்டேப்ளர் போட்ட புத்தகம் கிழிஞ்சா யார் அழப் போறா?

மூணு, பீரோ சாவி வேணாம். வகுப்புல கொடிக் கயிறு கட்டி, துணி காயப் போடற மாதிரி புத்தகத்தைப் பிள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல தொங்க விடறது. வெள்ளிக்கிழமை கடைசி முக்கால் மணி நேரம் ஊர்ல இருந்து ரெண்டு பேர் வரணும். படிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சுக் காட்டணும். தெரியாதவங்க பிள்ளை வாசிக்கறதைக் கேக்கணும். அவ்வளவுதான். பரீட்சை இல்ல, மார்க் இல்ல.

முதல் வெள்ளிக்கிழமை யாருமே வரலைன்னு அக்கா போன்ல சொன்னா. எனக்கு உள்ளுக்குள்ள சப்புன்னு ஆயிடுச்சு. ரெண்டாவது வாரம் அக்காவும் அப்பத்தாவும் மட்டும். மூணாவது வாரம் நூறு நாள் வேலை முடிச்சுட்டு அப்படியே நாலு பேர் வந்திருக்காங்க. ஏப்ரல்ல எண்ணினப்ப எங்க 186ல 11 காணோம், 7 கிழிஞ்சு போச்சு. டீச்சரே போன் பண்ணி, "தம்பி, பதினொண்ணு போச்சு"ன்னாங்க. குரல்ல பயம் இல்ல. எனக்கு அந்த 2019 குரூப் போட்டோவுக்குக் கிடைச்ச லைக்கை விட இது பெரிசு.

பாப்பா தலைகீழா மாறிட்டாளான்னு கேக்காதீங்க. மாறல. இன்னும் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கிறா. கூட்டெழுத்து மாதிரி ஏதாச்சும் வந்தா மென்னு முழுங்கறா. ஆனா கண்ணு பக்கத்துல இருக்கு, கோழி மேல இல்ல. அப்பத்தா காதுல வாங்கிக்கிட்டே, "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேக்கறாங்களாம். கேக்க ஆள் இருக்கறதால அடுத்த பக்கத்தைத் திருப்பறா. பள்ளிக்கூடம் மாத்தறதைப் பத்தி அக்கா இன்னும் எதுவும் முடிவா சொல்லல. பீஸ் பாதி கேட்டதையும் வாபஸ் வாங்கல. :-)

இதால நாட்டுல கல்விப் பிரச்சினை தீர்ந்துடும்னு நான் சொல்லல. ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பார்க்கற கொடுமை தீரணும், அதுக்குத் தனியாக் கத்தணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துல ஆறு கிராம சபை நடக்குது. அங்க போய் ரோட்டையும் தண்ணியையும் மட்டும் பேசாம இதையும் பேசணும்.

ஆனா உங்ககிட்ட நான் கேக்கறது ரொம்பச் சின்னது. நீங்களும் எப்பவாச்சும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் குடுத்திருப்பீங்க. அந்தப் போட்டோ உங்க பழைய பதிவுல இப்பவும் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, புதுப் பெட்டி எதையும் தூக்கிட்டுப் போகாதீங்க. வெறுங்கையோட போங்க. பழைய பெட்டி எங்க இருக்குன்னு கேளுங்க. டீச்சர் மேல எரிஞ்சு விழாதீங்க, நான் செஞ்ச தப்பு அது. தொலைஞ்சா நாங்க பார்த்துக்கறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட ஊர்ல நாலு பேரைச் சேருங்க.

யாராச்சும் இதை ஏற்கனவே செஞ்சு பார்த்திருந்தா, எங்க சொதப்புச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க ஊருக்கு உதவும். 'போடா வெட்டி ஆபீசர்'னு திட்டணும்னாலும் திட்டிக்கங்க. ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க ஊருக்கு ஒரு போன் போட்டு, பீரோ திறந்திருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.